மெல்லும் புகையிலையும் வாயின் உமிழ்நீரும்



பல் மருத்துவருக்கு அடுத்தபடியாக மனிதர்களின் வாயை அதிகம் பார்ப்பவர் கடைக்காரர்தான். ஒரு கிலோ சர்க்கரை கேட்பவரும், பழைய பாக்கிக்குத் தவணை சொல்பவரும் நம் முகத்துக்கு நேரே நின்று வாயைத் திறந்துதான் பேசுகிறார்கள். யாருக்குப் பல் கறுத்திருக்கிறது, யார் ஒரு பக்கக் கன்னத்தில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிறார், யாருடைய வாய் முன்போலத் திறக்கவில்லை என்பதெல்லாம் கல்லாவில் அமர்ந்திருக்கும் நமக்குத் தெரியாமல் போவதில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு என்ன செய்வது என்பதுதான் நமக்குத் தெரியவில்லை. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, பாவூர்சத்திரம் வட்டாரத்தில் மொத்த வியாபாரமும் சில்லறை வியாபாரமும் செய்யும் நம்மில் பலரே இந்தப் பழக்கம் உடையவர்கள். நம்மிடம் மூட்டை இறக்குபவர்கள் பெரும்பாலும் உடையவர்கள். ஆகவே மெல்லும் புகையிலை வாய்க்குள் என்ன வேலை செய்கிறது என்பதை இந்தக் கட்டுரையில் பாடமாகவே பார்த்துவிடுவோம்.

முதலில் உமிழ்நீரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். எச்சில் என்று அருவருப்பாகச் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் வாய்க்கு அதைவிட நல்ல காவலாள் கிடையாது. காதுக்கு முன்புறம் கன்னத்தில் ஒரு ஜோடி, தாடைக்கு அடியில் ஒரு ஜோடி, நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி என்று மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகளும், உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை இதைச் சுரக்கின்றன. இதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்தான். மீதியுள்ள ஒரு பங்கில்தான் விஷயம் இருக்கிறது. அமிலத்தை முறிக்கும் பை-கார்பனேட், பல்லின் மேற்பூச்சான எனாமல் அரிபடும்போது மீண்டும் பூசிக்கொடுக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும், கிருமிகளைக் கொல்லும் பொருள்கள், மாவுப்பண்டத்தைச் செரிக்க வைக்கும் நொதி ஆகிய எல்லாம் அந்த ஒரு பங்குக்குள் அடக்கம்.

இனிப்பு தின்றவுடன் வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. வாயின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் வந்து கழுவி, அமிலத்தை முறித்து, அளவை மீண்டும் 7-ஐ ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்துகிறது. சாரல் நன்றாக விழுந்து பேரருவி ஓடும்போது பாறை சுத்தமாக இருப்பதையும், சீசன் பொய்த்துத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும்போது அதே பாறையில் பாசி ஏறி வழுக்குவதையும் நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். வாயும் அப்படித்தான். ஓட்டம் இருக்கிற வரையில் சுத்தம்.

இரவில் தூங்கும்போது இந்த ஓட்டம் மிகவும் குறைந்துவிடும். காலையில் எழும்போது வாய் பிசுபிசுப்பதற்கும் நாற்றம் எடுப்பதற்கும் இதுவே காரணம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது ஒருவர் புகையிலையை எடுத்துக் கன்னத்தில் அடக்குகிறார். உடனே எச்சில் ஊறிப் பெருகுகிறது. மெல்லுவதாலும் காரத்தாலும் உண்டாகும் பெருக்கம் இது. "நல்லா எச்சில் ஊறுது, வாய் சுத்தமாகுது அண்ணாச்சி" என்று சொல்பவர்களை நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த எச்சில் வாயைக் கழுவுவதில்லை. புகையிலையில் உள்ளதைக் கரைத்து எடுத்து வாயின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பிறகு துப்பப்படுகிறது. துப்பும்போது பை-கார்பனேட்டும் கால்சியமும் கூடவே வெளியே போய்விடுகின்றன. இப்படி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பதினைந்து தடவை, இருபது வருடம் நடந்தால் சுரப்பிகளும் களைத்துப் போகின்றன. நெடுநாள் மெல்லுவோரைப் பல் மருத்துவக் கல்லூரிகளில் சோதித்த ஆய்வுகள் பலவற்றில், அவர்களுடைய உமிழ்நீர் மற்றவர்களுடையதைவிட அமிலப்பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தது. சுரக்கும் அளவும் குறைந்திருப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. குறைவு எவ்வளவு என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு உண்டு.

சுண்ணாம்பின் வேலை

நம் ஊர்ப் பழக்கத்தில் புகையிலை தனியாக வாய்க்குள் போவது குறைவு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு இவற்றோடு போகும். அல்லது கையில் வைத்துச் சுண்ணாம்போடு கசக்கி உதட்டுக்குள் போகும். ஏன் சுண்ணாம்பு? காரணம் தெரியாமலே நம் முன்னோர்கள் சரியான கணக்கைப் போட்டிருக்கிறார்கள். புகையிலையில் உள்ள போதைப்பொருளான நிக்கோட்டின், அமிலச் சூழ்நிலையில் தோலைத் தாண்டி எளிதில் இரத்தத்துக்குப் போகாது. காரச் சூழ்நிலையில் உடனே போய்விடும். சுண்ணாம்பு அந்தக் காரத்தைக் கொடுக்கிறது. பூட்டியிருக்கும் கதவுக்குச் சாவி போட்டது மாதிரி. அதனால்தான் சுண்ணாம்பு குறைந்தால் "ஏறவில்லை" என்கிறார்கள். ஆலையில் தயாராகி வரும் பொட்டலங்களிலும் இதே நோக்கத்துக்காகக் காரப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன.

அதே சுண்ணாம்பு கன்னத்தின் மெல்லிய உள்தோலைப் பொசுக்கவும் செய்கிறது. பொசுங்கிய தோல் வழியாக மற்ற நஞ்சுகள் இன்னும் எளிதாக உள்ளே போகின்றன.

அந்த நஞ்சுகள் எவை? மெல்லும் புகையிலையில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய 28-க்கு மேற்பட்ட பொருள்கள் இருப்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை பட்டியலிட்டுள்ளது. அவற்றில் முக்கியமானவை நைட்ரோசமின்கள். பச்சை இலையில் இவை மிகச் சொற்பம். இலையைப் பதப்படுத்தும்போதும், புளிக்க வைக்கும்போதும், சேமித்து வைக்கும்போதும்தான் பெருகுகின்றன. வெக்கையும் ஈரமும் உள்ள இடத்தில் நாள்பட இருந்தால் இன்னும் கூடும். பழைய சரக்கு அரிசிக்கு மதிப்பைக் கூட்டலாம், புளிக்கும் கூட்டலாம். இந்தச் சரக்கில் கூடுவது நஞ்சு.

இதோடு முடியவில்லை. நாம் சாப்பிடும் கீரை காய்கறிகளில் உள்ள நைட்ரேட் என்ற உப்பை, உமிழ்நீர்ச் சுரப்பிகள் இரத்தத்திலிருந்து இழுத்து வாய்க்குள் விடுகின்றன. வாயிலுள்ள கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. இது எல்லார் வாயிலும் நடப்பதுதான், கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே புகையிலையும் பாக்கும் காத்திருந்தால், அவற்றிலுள்ள காரப்பொருள்களோடு இந்த நைட்ரைட் சேர்ந்து வாய்க்குள்ளேயே புதிதாக நைட்ரோசமின்களை உண்டாக்குகிறது. காவலுக்கு வைத்த ஆளே திருடனுக்கு ஏணி பிடிப்பது போல, உமிழ்நீரே அந்தத் தயாரிப்புக்கு இடம் கொடுத்துவிடுகிறது.

இரவில் உமிழ்நீர் குறைகிறது என்று மேலே சொன்னோம். சீசன் காலத்தில் இரவு முழுவதும் அருவியில் கூட்டம் இருப்பதால், கடை போட்டிருப்பவர்கள் தூக்கம் வராமல் இருக்க ஒன்றை அடக்கிக்கொள்கிறார்கள். பிறகு அதிகாலையில் அதைத் துப்பாமலே கண்ணயர்ந்து விடுகிறார்கள். அப்போது கழுவ ஓட்டம் இல்லை. ஒரே இடத்தில் மணிக்கணக்காக நஞ்சு ஊறுகிறது. இந்தப் பழக்கத்தில் மிகவும் கெட்டது எது என்று கேட்டால், அடக்கிக்கொண்டு தூங்குவது என்றே சொல்வோம்.

பல்லும் ஈறும்

அடக்கி வைக்கும் இடத்தில் ஈறு கீழே இறங்கும். பல்லின் வேர் வெளியே தெரியும். வேருக்கு எனாமல் பூச்சு கிடையாது, ஆகவே சீக்கிரம் சொத்தையாகும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். இலையிலும் தூளிலும் கலந்திருக்கும் நுண்மணல் பல்லை அரைக்கிறது. வாசனைப் பொட்டலங்களில் சேர்க்கப்படும் இனிப்பு அமிலத்தைக் கூட்டுகிறது. நாக்கின் சுவை மங்குகிறது. உப்பும் உறைப்பும் கூடுதலாகக் கேட்கும்.

பாக்கைப் பற்றி ஒரு வார்த்தை

புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தான் போடுகிறேன் என்று நிம்மதியாகச் சொல்பவர்கள் நம்மில் அதிகம். செங்கோட்டைப் பக்கம் பாக்கு விளைகிறது, கல்யாணத்துக்குத் தாம்பூலம் வைக்கிறோம், நல்ல காரியத்துக்கு வெற்றிலை பாக்கு இல்லாமல் முடியாது. வெற்றிலை மேல் குற்றம் இல்லை. பாக்கின் மேல்தான். 2004-ஆம் ஆண்டு வெளிவந்த அறிக்கையில் மேற்சொன்ன புற்றுநோய் முகமை, புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று வகைப்படுத்திவிட்டது. தாம்பூலத் தட்டில் வைப்பதை யாரும் குறை சொல்லவில்லை. நாள் முழுவதும் மெல்லுவதைத்தான் சொல்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் இனிப்புப் பாக்குத்தூளும் இதில் சேர்ந்ததே.

பாக்கில் அரெக்கோலின் என்ற பொருள் உள்ளது. அது கன்னத்தின் உட்புறத்திலுள்ள நார்த்தசையைத் தேவைக்கு மேல் வளர வைத்து இறுக்கிவிடுகிறது. ரப்பர் போலிருக்க வேண்டிய கன்னம் தோல்வார் போல ஆகிவிடும். 1952-இல் ஆப்பிரிக்காவில் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் இந்த நோய் முதன்முதலில் மருத்துவ நூலில் விவரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பம்பாயிலிருந்தும் செய்தி வந்தது. பாக்கு போகும் இடத்துக்கெல்லாம் நோயும் போகிறது.

நமக்குத் தெரிந்த கணக்குப்பிள்ளை ஒருவரைச் சொல்ல வேண்டும். பெயரும் ஊரும் வேண்டாம். பேரேடு எழுதும்போது பொட்டலம் ஒன்று வாயில் இருந்தால்தான் அவருக்குக் கூட்டல் ஓடும். முதலில் அவருக்கு ரசத்தின் காரம் தாங்கவில்லை. வயிற்றுப்புண் என்று நினைத்து மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு வாய்ப்புண் என்று சத்து மாத்திரை. ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. வடையைக் கடிக்க முடியாமல் பிய்த்து உள்ளே தள்ளத் தொடங்கிய பிறகுதான் பல் மருத்துவரிடம் போனார். அதற்குள் வாய் இரண்டு விரல் அகலம்தான் திறந்தது. அன்றோடு நிறுத்திவிட்டார். ஊசியும் வாய்ப்பயிற்சியும் கொடுத்தார்கள். எரிச்சல் குறைந்தது, ஆனால் திறப்பு பழையபடி வரவில்லை. இன்றும் பேரன் பேத்திகளோடு பந்தியில் உட்காராமல் தனியாகத்தான் சாப்பிடுகிறார். காரம் தாங்காமை என்பது இந்த நோயின் முதல் அடையாளம் என்பதை அன்றைக்கு யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

இது புற்றுநோயாக மாறுமா என்றால், எல்லாருக்கும் மாறாது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோயுள்ள 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 5 பேருக்குப் புற்றுநோய் வந்தது. நூற்றுக்கு ஏழரைக்கு மேல். நூறு மூட்டை அனுப்பினால் ஏழெட்டு மூட்டை திரும்பி வராது என்று முன்கூட்டியே தெரிந்த லாரியில் நம்மில் யார் சரக்கு ஏற்றுவோம்?

"எங்க ஆச்சி தொண்ணூறு வயசு வரைக்கும் இடிச்சு இடிச்சுப் போட்டா, ஒண்ணும் ஆகல" என்ற பதிலும் வரும். நம் வீடுகளிலும் சுருக்குப்பையும் பாக்குவெட்டியும் சிறு உரலும் இருந்தன, நாமும் பார்த்தவர்கள்தான். ஆனால் வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கு கணக்கே அல்ல. தொண்ணூறு வரை இருந்த ஆச்சியை ஊரெல்லாம் நினைவில் வைத்திருக்கிறது. ஐம்பதில் வாயில் கட்டி வந்து போனவரைப் பற்றி வீட்டார் வெளியே பேசுவதில்லை. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் உதடு, வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் ஏறத்தாழ 1,43,000 பேர் என்பது அதே சர்வதேச முகமையின் மதிப்பீடு. நம் நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். 2016-17-இல் எடுத்த கணக்கில் நாட்டில் வயது வந்தவர்களில் 21.4 சதவீதம் பேர் புகையில்லாத புகையிலை உபயோகிப்பவர்களாக இருந்தார்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

விரலால் அளக்கும் சோதனை

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. நடு மூன்று விரல்களையும் சேர்த்து நிமிர்த்தி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே செங்குத்தாக நுழைத்துப் பார்க்க வேண்டும். மூன்றும் போனால் திறப்பு சரி. இரண்டுதான் போகிறது என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிறகு கண்ணாடி முன், நல்ல வெளிச்சத்தில், கன்னத்தை விரலால் விலக்கி உட்புறம், நாக்கின் இரு ஓரங்கள், நாக்குக்கு அடிப்புறம், புகையிலை வைக்கும் இடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், தடிப்பு, கழுத்தில் கட்டி இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. வலி இல்லையே என்று விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. ஆரம்பத்தில் வலிக்காது. வெள்ளைத் திட்டைப் பொறுத்தவரை, பழக்கத்தை நிறுத்தினாலே பலருக்கு அது சுருங்கி மறைந்துவிடுகிறது.

வெறும் கண்ணால் பார்ப்பதில் என்ன பயன் என்று நினைக்க வேண்டாம். புளியரை தாண்டி ஆரியங்காவு வழியாகப் போனால் திருவனந்தபுரம் நமக்குத் தூரமில்லை. அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தார் 1996-இல் தொடங்கி, அந்த மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் 35 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 1,90,000 பேரை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்கு, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு தேடிப் போய் வாயைப் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்லர், பயிற்சி கொடுக்கப்பட்ட பட்டதாரிகள். மற்றப் பகுதியினருக்கு வழக்கம்போல விட்டுவிட்டார்கள். 2005-இல் முடிவு வெளியானபோது, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாயைப் பார்த்த பகுதியில் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. வாயைத் திறந்து பார்த்ததற்கு இவ்வளவு பலன். நம் மார்க்கெட்டுகளிலும் கண் சிகிச்சை முகாம் நடத்துகிறோம், சர்க்கரை பார்க்கிறோம். அந்த மேசைக்குப் பக்கத்தில் ஒரு பல் மருத்துவரையும் டார்ச் லைட்டையும் வைத்தால் சுமைதூக்கும் தோழர்கள் அத்தனை பேரையும் ஒரு காலையில் பார்த்துவிடலாம் என்பது நம் யோசனை.

விற்பனை பற்றிய சட்டம்

இது தெரிந்ததுதான் என்றாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். தமிழக அரசு 2001-இல் குட்காவைத் தடை செய்தது. இத்தகைய மாநிலத் தடைகள் அன்றைய உணவுக் கலப்படச் சட்டத்தில் செல்லாது என்று 2004-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2011-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகள், எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிக்கோட்டினோ சேரக்கூடாது என்றன. அதை வைத்து 2013 மே மாதம் தமிழகத்தில் குட்கா, பான்மசாலா முதலியவற்றுக்கு மீண்டும் தடை வந்து, ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் இதற்கான ஓர் ஆணையை ரத்து செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. "கோர்ட்டிலே தள்ளிட்டாங்க, இனி விற்கலாம்" என்று இடையில் வந்து ஆசை காட்டும் சப்ளைக்காரர்களை நம்பிச் சரக்கு எடுத்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இது தவிர, 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக்கூடாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் எவருக்குமே விற்கக்கூடாது. 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. சிறுவருக்குப் புகையிலை கொடுத்தால் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடையில் மகனை உட்கார வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் இதை அவனுக்கும் சொல்லி வைக்க வேண்டும். உதட்டுக்கடியில் வைக்கும் சிறு பைகளைப் பள்ளி மாணவர்கள் தேடி வருவது பற்றி 2024-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது.

விட நினைப்பவர்களுக்கு

"இது வாயில இல்லேன்னா மூட்டை நகராது அண்ணாச்சி" என்று சொல்லும் தோழரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. நிக்கோட்டின் இரத்தத்தில் குறையும்போது எரிச்சல், படபடப்பு, தலைவலி, மலச்சிக்கல் எல்லாம் வரும். முதல் வாரம்தான் கடினம். பிறகு படிப்படியாகத் தணியும். வேண்டும் என்ற அரிப்பு ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்த நேரத்துக்கு வாயில் போட நம் கடையிலேயே பொருள் இருக்கிறது. ஏலக்காய், கிராம்பு, பெருஞ்சீரகம், உப்புப் போட்ட நெல்லி வற்றல். சீனி பூசிய சீரகம் வேண்டாம், உமிழ்நீர் குறைந்த வாயில் சொத்தைக்கு அதுவே போதும். பாக்குக்கு மாறவே கூடாது, காரணம் மேலே சொல்லிவிட்டோம். அடிக்கடி தண்ணீர் குடித்தால் வாய் உலராது. நீண்ட காலம் போட்டவர்களுக்கு மருத்துவர் யோசனையின் பேரில் நிக்கோட்டின் சூயிங்கமும் கொடுக்கிறார்கள்.

முதலில் விட வேண்டியது இரவுப் பொட்டலம். படுக்கும் முன் துப்பி, வாய் கொப்பளித்து, பல் துலக்கிவிட்டுப் படுக்க வேண்டும். முழுவதும் விட மனம் வராதவர்களிடம்கூட இதை மட்டும் கேட்டுப் பெற முடிகிறது. அப்படித் தொடங்கியவர்கள் சிலர் பகலிலும் குறைத்திருக்கிறார்கள். மத்திய அரசு 2016-இல் தொடங்கிய, கட்டணமில்லாத ஆலோசனைத் தொலைபேசியும் உள்ளது. எண் 1800 11 2356. புகையிலைப் பொட்டலத்தின் மேலேயே அந்த எண்ணை அச்சிட வேண்டும் என்று விதி இருப்பதால், பழக்கம் உள்ளவர் சட்டைப்பையிலேயே அது இருக்கும்.